மணல் முதல் திரை வரை: நெல்லைப் பள்ளிகளில் மாணவர் கைப்பொருள்

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு முதல் எழுதுபலகை தரைதான். சலித்த மணலை ஒரு முழ அகலத்துக்குப் பரப்பி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்திக்கொள்வான். வாத்தியார் எழுதிக் காட்டிய ‘அ’வின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டுவான், ஓட்டும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லவும் வேண்டும். விரலும் வாயும் சேர்ந்தே போகவேண்டும். வாய் நின்றுபோனால் பிள்ளையின் புத்தி தெருவுக்குப் போய்விட்டது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க வாத்தியார் திரும்பிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. தாமிரபரணிக் கரை ஊர்களில் மணலுக்குப் பஞ்சமும் இல்லை, அன்று விலையும் இல்லை. இன்று அந்த மணலின் விலை வேறு கதை.

பள்ளியில் மாணவன் கையில் எந்தப் பொருள் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்ற பேச்சு செல்போனோடு பிறந்ததுபோல இப்போது தோன்றுகிறது. உண்மையில் அது திண்ணைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. திருநெல்வேலி டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில், ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் வண்ணார்பேட்டையைச் சுற்றி ஐந்தாறு மைலுக்குள் இந்த வரலாற்றின் பெரும்பாலான கட்டங்களைப் பார்த்துவிடலாம்.

பேட்டையின் பெயர் ஆற்றுத்துறையில் துணி வெளுத்தவர்களின் குடியிருப்பைச் சொல்கிறது. வெளுப்புத் தொழிலுக்கென்று பள்ளி சாராத ஓர் எழுத்து இருந்தது. சேங்கொட்டைப் பாலால் துணியின் மூலையில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு சுழி என்று குறி இடுவார்கள். எந்த வீட்டுத் துணி என்பது அந்தக் குறியில் இருக்கும். நூறு வீட்டுக் குறியையும் மனத்தில் வைத்திருந்த அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது அரிது. பெண் பிள்ளைகளுக்கும் அப்படியே. பழைய பள்ளியின் கவனத்தைப் புகழ்கிறவர்கள், அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

மணலில் எழுதும் வழக்கம் வெளியூர்க்காரர் கண்ணில்தான் முதலில் விசேஷமாகப் பட்டது. 1623இல் கன்னட நாட்டின் இக்கேரிப் பக்கம் பயணம் செய்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வல்லே, நாலு பையன்கள் ஆசிரியர் இல்லாமலே கணக்குப் படிப்பதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஒருவன் ராகம் போட்டுச் சொல்கிறான். நாலு பேரும் சொல்லிக்கொண்டே தரை மணலில் எழுதுகிறார்கள். இடம் நிறைந்ததும் அழித்துவிட்டுப் புது மணல் தூவுகிறார்கள். மறந்துபோனால் யார் திருத்துவது என்று கேட்டதற்கு, நாலு பேருக்கும் ஒரே இடம் மறந்துபோக வழியில்லையே என்று பதில் வந்திருக்கிறது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இதே வழக்கம் கப்பலேறியது. 1787இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டவர், தம் விடுதியிலும் அப்படிக் கற்பிக்கச் சொன்னார். விடுதி ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். பெல் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் வேலையைக் கொடுத்தார். நம்மூர்ச் சட்டாம்பிள்ளை வேலைதான் அது. 1797இல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் மணல் தட்டும் சட்டாம்பிள்ளையும் நுழைந்தார்கள். ஜோசப் லங்காஸ்டர் அதே போக்கில் நடத்திய பள்ளிகளில் மணலுக்கு அடுத்தபடி சிலேட்டு வந்தது. அங்கே ஒரு கட்டளை உண்டு: சிலேட்டைக் காட்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே சமயத்தில் சிலேட்டைத் திருப்பிப் பிடிக்க, ஒரே பார்வையில் சரியும் தப்பும் தெரிந்துவிடும்.

மணல் தேறிய பையனுக்கு இங்கே ஓலை வந்தது. நெல்லைச் சீமையின் தெற்கே தேரிக்காடு முழுக்கப் பனை; ஓலைக்குக் குறைவில்லை. குருத்தோலையை வாட்டி, உலர்த்தி, நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்தால் ஏடு. எழுதுவது லேசான காரியமில்லை. இடக்கைப் பெருவிரல் நகத்தில் சிறு பள்ளம் செய்து எழுத்தாணியை அதில் தாங்கவைத்து, எழுத்தாணியை நகர்த்தாமல் ஓலையை நகர்த்த வேண்டும். அழுத்தினால் கிழியும், லேசாக விட்டால் பதியாது. புள்ளி வைத்தால் ஓட்டை விழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாமலே எழுதினார்கள். படிப்பவன் தானே ஊகித்துக்கொள்ள வேண்டும். கீறிய பிறகு கோவை இலைச்சாற்றில் கரியைக் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுத்துத் தெரியும். இவ்வளவு பாடுபட்டு எழுதுவதால் எழுதியது குறைவு, மனத்தில் வைத்தது அதிகம். எண்சுவடியில் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களின் பெருக்கல் வாய்பாட்டையெல்லாம் பையன்கள் தினமும் மாலையில் வரிசையாக நின்று முறை சொன்னார்கள். ஓலை துணைக்கு இருந்தது. பாடம் குரலில் நடந்தது.

கவனம் எப்படிப் பிடித்துவைக்கப்பட்டது என்பதற்கு அரசு ஆவணமே உண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிகளைப் பற்றிய கணக்குக் கேட்டார். திருநெல்வேலியும் அதில் அடக்கம். 1826இல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,28,50,941 மக்கள் என்று கணக்கு வந்தது. அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்பெல் 1823இல் அனுப்பிய பதிலில் ஒரு பள்ளி நாள் எப்படித் தொடங்கும் என்பது இருக்கிறது. விடியலில் முதலாவதாக வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி: புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடும். பிந்தி வருகிறவன் கை என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்த பையன் கோழி கூவும்போதே எழுந்துவிடுவான். தமிழ்நாட்டுத் திண்ணைகளில் கோதண்டம் என்றொரு தண்டனையும் இருந்தது. உத்திரத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கச் செய்வது. ஆக, அன்றைய ஒருமுகத்தில் குரலுக்கும் சட்டாம்பிள்ளைக்கும் இருந்த பங்கு பயத்துக்கும் இருந்தது. காம்பெலுக்கு இன்னொரு குறையும் பட்டது: பிள்ளைகள் பொருள் தெரியாமலே செய்யுளை ஒப்பிக்கிறார்கள் என்பது. கவனம் இருந்தால் கல்வி வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது பழைய மறுப்பு.

அச்சு இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் தங்கியிருந்த அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இலேயே அச்சேறியது. ஆனாலும் அச்சிட்ட பாடநூல் மாணவன் கைக்கு வர 19ஆம் நூற்றாண்டு ஆயிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஊர் ஊராகப் பள்ளி திறந்ததோடு 1832இல் ‘பூமி சாஸ்திரம்’ என்ற தமிழ்ப் பாடநூலும் எழுதினார். 1843இல் சுலோசன முதலியார் பாலம் திறந்தபின் ஆற்றைக் கடக்க ஓடத்துக்குக் காத்திருக்கும் கஷ்டம் தீர்ந்தது. பாலத்துக்கு மேற்கே பாரதி 1890களில் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளி, கிழக்கே மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சொல்லும் பெருமை இப்படித் திரண்டதுதான். பாலத்தின் கிழக்கு முனையில் இருக்கும் வண்ணார்பேட்டை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் நடந்த வழி.

இந்தப் பள்ளிகளில்தான் சிலேட்டு நிலைத்தது. மணலின் குணம் அதற்கு அப்படியே உண்டு. எழுதலாம், அழிக்கலாம், எல்லோரும் பார்க்கலாம். கூடுதலாகக் கையில் தூக்கிக்கொண்டும் போகலாம். மரச்சட்டம் போட்ட கல்சிலேட்டு ஒன்று அண்ணன், தம்பி, தங்கை என்று மூன்று பேருக்கு வரும். மங்கிப்போனால் பழைய ஏட்டுக்குத் தடவிய அதே கோவை இலையும் கரியும் தேய்த்துக் காயவைத்தால் மறுபடி கறுக்கும். எச்சில் தொட்டு அழிக்காதே என்று திட்டாத சார்வாள் கிடையாது, எச்சில் தொட்டு அழிக்காத பிள்ளையும் கிடையாது. மனக்கணக்குக்கு விடை எழுதிச் சிலேட்டைக் கவிழ்த்து வைக்கவேண்டும். “தூக்கு” என்றதும் எல்லாச் சிலேட்டும் சார்வாள் பக்கம் திரும்பும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனின் முகம் சிலேட்டை விட வேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு போட்ட நோட்டு வந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நோட்டு மாணவனின் சொந்தச் சொத்து. எழுதியது அழியாது, மூடிவைத்தால் யாருக்கும் தெரியாது. எழுதுகிற கணத்தில் நடந்த திருத்தம் சாயங்காலம் மேசையில் குவியும் நோட்டுக் கட்டுக்குப் போயிற்று. நோட்டின் கடைசிப் பக்கத்தை யாரும் திருத்தியதில்லை. பூஜ்யமும் பெருக்கலும் போட்டு ஆடும் ஆட்டம், சினிமாப் பாட்டு, நடிகர் மீசை, கணக்கு வாத்தியாரின் வழுக்கை எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. வகுப்பில் இருந்துகொண்டே வகுப்புக்கு வெளியே போவதற்கு மாணவனுக்குக் கிடைத்த முதல் வாசல் அந்தக் கடைசிப் பக்கம்.

பேனாவுக்கும் இதே சண்டை நடந்தது. மைக்கூட்டில் தொட்டு எழுதும் கட்டைப் பேனா, பிறகு ஊற்றுப் பேனா, அதன் பிறகு பந்துமுனைப் பேனா. ஒவ்வொன்று வரும்போதும் கையெழுத்து கெட்டுப்போகும் என்று பள்ளி எதிர்த்து, பிறகு ஏற்றுக்கொண்டது. கணிப்பான் விஷயத்தில் மட்டும் பிடிவாதம் நெடுநாள் தளரவில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வு அறையில் மடக்கை அட்டவணைக்கு அனுமதி இருந்தது, கணிப்பானுக்கு இருக்கவில்லை. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. ஒரு பெட்டி, ஒரு குரல், எல்லோரும் கேட்பது என்ற வகையில் வானொலி பழைய திண்ணையோடு சுலபமாக ஒத்துப்போகும் சாதனம். அதனால் யாருக்கும் தலைவலி உண்டாகவில்லை.

கணினி முதலில் சாமி அறைபோல நுழைந்தது. மத்திய அரசு 1984இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கி, இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகளைத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் வைத்தது. மற்றப் பள்ளிகளுக்கு வர இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆயின. வந்தபோது எல்லா ஊரிலும் சடங்கு ஒன்றுபோல இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். திரைக்கு நெகிழி உறை. சாவி ஒரே ஓர் ஆசிரியரிடம். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு கணினிக்கு நாலைந்து பேர்; விசைப்பலகை கைக்கு எட்டியவனுக்கு அதிர்ஷ்டம், மற்றவர்களுக்குத் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது. கவனச்சிதறல் என்ற புகார் அந்த அறையைப் பற்றி எழுந்ததே இல்லை. கற்றதும் பெரிதாக இல்லை என்பது வேறு.

பூட்டிய அறையைத் திறந்தது 2011. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஐந்தாண்டில் 68 லட்சம் கணினி தருவது திட்டம். முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம். மூடியில் முதலமைச்சர் படத்தோடு வந்த அந்தக் கணினிதான் பல லட்சம் வீடுகளில் நுழைந்த முதல் கணினி. பீடி சுற்றும் வீட்டிலும் வயல் வேலைக்குப் போகிற வீட்டிலும் அது அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. அதன் சமூக மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. வண்ணார்பேட்டைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் சேர்ந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது உதவியிருக்கிறது.

ஆனால் பள்ளியின் நேரத்தில் அந்தக் கணினிக்கு வேலையே வைக்கவில்லை. பாடம் அச்சுப் புத்தகத்தில், தேர்வு வெள்ளைத்தாளில், ஆசிரியர் கையில் சுண்ணக்கட்டி. வகுப்பில் திறக்கச் சொல்ல ஒரு காரணமும் இல்லாததால் பொருள் நேராக வீட்டுக்குப் போனது. வீட்டில் அதன் வேலையை பென் டிரைவில் படம் ஏற்றித் தந்த கடைக்காரர் தீர்மானித்தார். ஒவ்வொரு கைக்கும் ஒரு கருவி என்ற எண்ணம் நல்லெண்ணம்தான். அந்தக் கருவிக்கு கால அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்காததுதான் குறை. மணலுக்கும் சிலேட்டுக்கும் அந்த இடம் இருந்தது.

2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்க ஓரங்களில் கியூஆர் கோடு அச்சாகியிருந்தது. செல்போனைக் காட்டினால் காணொளி ஓடும். அதே செல்போனைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது என்பது கல்வித்துறையின் நெடுநாள் உத்தரவு. புத்தகம் வா என்று கூப்பிட்ட பொருளை வாசலில் சட்டாம்பிள்ளை தடுத்தார்.

இந்த முரண்பாட்டைக் கொரோனா இரண்டாண்டு ஒத்திவைத்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஓடின. தனியார் பள்ளிகள் செல்போனில் வகுப்பு நடத்தின. மத்திய அரசு 2020 ஜூலையில் ‘பிரக்யதா’ என்ற வழிகாட்டுதலில் திரை நேரத்துக்கு அளவு வைத்தது: மழலையர்க்கு நாளுக்கு அரை மணி, எட்டாம் வகுப்பு வரை இரண்டு அமர்வு, அதற்கு மேல் நாலு, ஓர் அமர்வு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். நெல்லை வீடுகளில் அளவை வைத்தது வேறு காரணம். வீட்டுக்கு ஒரு போன்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பியபின்தான் அன்றைய வாட்ஸாப் வீட்டுப்பாடம் திறக்கும். மேலே, பாபநாசம் மலையில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் சிக்னல் தேடுவதே ஒரு பாடம்.

2021 செப்டம்பர் 1 முதல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையும், நவம்பர் 1 முதல் ஒன்று முதல் எட்டு வரையும் பள்ளிகள் திறந்தன. திரும்பி வந்த பிள்ளைகளின் பையில் போன் இருந்தது. பெற்றோரே படிப்புக்கென்று கடன் வாங்கி வாங்கித் தந்த போன். 2022 மே மாதம் பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ், கொண்டுவரும் போன் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று அறிவித்தார். அதே ஆண்டின் இறுதியில், திருச்செந்தூர்க் கோயில் தொடர்பாக வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனைக் கொடுத்துவிட்டு முருகனைப் பார்க்கப் போவது இன்று அந்த ஊரில் சாதாரணக் காட்சி. பெரியவர்களுக்கே சந்நிதியில் கை சும்மா இருப்பதில்லை என்று நீதிமன்றம் வரை போன ஊரில், பதினாலு வயதுப் பையனை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

பிரான்சு 2018இல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களின் பள்ளிகளில் செல்போனைச் சட்டம் போட்டுத் தடுத்தது. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கை, நாலில் ஒரு பங்குக்கும் குறைவான நாடுகளில்தான் அப்படிச் சட்டமோ கொள்கையோ இருப்பதாகக் கணக்கிட்டது. பிறகு அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது. போனுக்கும் முந்தைய கருவிகளுக்கும் உள்ள வேறுபாடு வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மணல், சிலேட்டு, வானொலி எல்லாம் ஆசிரியரை நோக்கித் திறந்தவை. நோட்டின் கடைசிப் பக்கம் திறக்காதது, ஆனால் அதில் எழுதினவனைத் தவிர வேறு ஆள் இல்லை. போனுக்குள் ஆள் இருக்கிறார்கள்; அழைக்கிறார்கள், பதில் கேட்கிறார்கள், மறுபடி அழைக்கிறார்கள். திரையோ மேசைக்கு அடியில், தொடைக்கு மேல், ஆசிரியருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது.

அரசின் செலவும் கொஞ்சம் கொஞ்சமாக மாணவன் கையிலிருந்து சுவருக்கு இடம் மாறியிருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மடிக்கணினி வழங்கல் நின்றுபோயிற்று. 2024இல் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் வேலை நடந்தது. 79,723 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி தரப்பட்டது. கருவி ஆசிரியர் கையில், திரை சுவரில்; பிள்ளைகள் முன்னால் வந்து விரலால் தொட்டு விடை காட்ட வேண்டும். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யிலும் இந்த ஏற்பாடுதான். மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருவில் யாராவது ஒருவர் வீட்டு வாசலிலோ கோயில் மண்டபத்திலோ சின்னப் பிள்ளைகள் கூடுவார்கள். தன்னார்வலரிடம் ஒரே ஒரு போன் இருக்கும். வருகைப் பதிவுக்கு அது போதும். மற்றதெல்லாம் பாட்டு, கதை, அட்டை, குரல்.

பெரிய வகுப்புகளில் நிலைமை இன்னும் தலைமையாசிரியர் அறைப் பீரோவில்தான் இருக்கிறது. பிடிபட்ட போன்கள் ரப்பர் பேண்ட் போட்டு, வகுப்பும் பெயரும் எழுதிய துண்டுச் சீட்டோடு தட்டில் அடுக்கியிருக்கும். உத்தரவு என்ன சொன்னாலும், பல பள்ளிகளில் அப்பாவோ அம்மாவோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கையெழுத்திட்டு அதை வாங்கிப்போகிறார்கள். வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாக அதை ஆன் செய்து பார்க்கிறவர்களும் அவர்கள்தான்.